தன்னொழுங்கை அளப்பது எப்படி? பக்கவாதத்துக்குப் பிறகு வீடுகளில் குழப்பம் தரும் ஒரு விஷயம்

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் இனிப்புநீரும் (சர்க்கரை நோய்) ரத்தக் கொதிப்பும் யாருக்கும் புதிதல்ல. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்த இரண்டும் பின்னால் இழுத்துக்கொண்டு வருவதில் ஒன்று பக்கவாதம். ஈப்போவில் சில நாள் வார்டில் கிடந்து, கையும் காலும் ஓரளவு அசைய ஆரம்பித்து வீட்டுக்கு வந்தவரைப் பற்றி, ஒரு மாதத்துக்குள் சொந்தக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். “சீனி வேணாம்னு டாக்டர் சொல்லியும் கடையில போயி தே தாரிக் குடிக்கிறாரு, மனக்கட்டுப்பாடே இல்ல.” “எக்சர்சைஸ் பண்ணுங்கன்னா படுத்துக்கிறாரு, சோம்பேறித்தனம்.” “முன்னெல்லாம் வாயே திறக்க மாட்டாரு, இப்ப எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறாரு, திமிரு.”

மூன்று தீர்ப்புக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருக்கிறது. கட்டுப்பாடு என்று ஒரு பொருள் உண்டு, அது ஒருவரிடம் இருக்கும் அல்லது இருக்காது என்ற நினைப்பு. பக்கவாதமோ தலையில் அடியோ பட்டவர்களுக்குச் சிகிச்சை தருபவர்கள் இதை அப்படிப் பார்ப்பதில்லை. அவர்கள் அதற்குத் தன்னொழுங்கு என்று பெயர் வைத்து, பல பாகமாகப் பிரித்து, எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். அந்த அளவுகோல்கள் என்ன, எதை அளக்கின்றன, எங்கே ஏமாற்றும் என்பதுதான் இந்தக் கட்டுரை. (இங்கே ‘நோயாளி’ என்று நான் சொல்வது நோய்க்கோ விபத்துக்கோ பிறகு பழைய நிலைக்குத் திரும்பச் சிகிச்சை எடுப்பவரை.)

பால்மரம் வெட்டும் கை

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பால்மரம் வெட்டும்போது கத்தி பட்டையில் சாய்வாக இறங்க வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் சரியாக வடியாது, ஏனென்றால் பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் அதிகம். ஒரு நூல் ஆழமாகப் போய்விட்டாலோ மரத்தில் காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. நல்ல கை உள்ளவர் எவ்வளவு ஆழம் என்று மனசில் வைத்திருப்பார், கத்தி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார், இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண நேரத்தில் கணித்து, மணிக்கட்டை லேசாகத் திருப்புவார். அப்புறம் அடுத்த மரம்.

தன்னொழுங்கும் இந்த நான்கும் சேர்ந்ததுதான்: இலக்கு, கண்காணிப்பு, ஒப்பீடு, திருத்தம். ஒருவர் தன் எண்ணத்தையும் உணர்ச்சியையும் செயலையும் தானே பார்த்து, தான் போக விரும்பிய திசைக்குத் திருப்பிக்கொண்டே இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். உளவியலில் இந்தச் சுற்றை விளக்கிப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் சார்லஸ் கார்வரும் மைக்கேல் ஷையரும்; 1982-இல் அவர்கள் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. மூளையில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியும் அதிலிருந்து உள்ளே ஓடும் இணைப்புகளும். அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் கை கால் நன்றாக இருந்தும் சுற்று அறுந்துபோகலாம்.

ஒரே கிளாஸ் டீ, நான்கு காரணம்

இனி அந்தத் தே தாரிக்கை, அதாவது கெட்டிப்பால் போட்டு ஆற்றும் டீயை, எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவர் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார், அவ்வளவுதான். உள்ளே என்ன நடந்திருக்கலாம்?

ஒன்று, டாக்டர் சொன்னதே அவர் மனசில் நிற்கவில்லை. கடை, நாற்காலி, பழைய கூட்டாளிகள் என்று பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இங்கே இலக்கு தொலைந்திருக்கிறது. இரண்டு, இலக்கு நினைவில் இருக்கிறது, ஆனால் காலையில் குடித்த இரண்டு கிளாஸ் கணக்கில் இல்லை. கேட்டால் ‘இன்னிக்கு இதுதான் முதல்’ என்பார், மனசறிந்து பொய் சொல்வதில்லை. இது கண்காணிப்பில் உள்ள ஓட்டை. மூன்று, கெட்டிப்பாலில் இனிப்பு கிடையாது, தனியாகப் போடும் சீனிதான் இனிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒப்பிடும் அளவுகோலே தப்பு. இதை மூளைக் கோளாறு என்றுகூடச் சொல்ல முடியாது, யாராவது பொறுமையாக விளக்கினால் போதும். நான்காவதுதான் பார்க்கப் பாவமாக இருக்கும். ‘குடிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது’ என்று வாய் சொல்லும், கை கிளாஸை எடுக்கும். இலக்கு தெரியும், தப்பும் தெரியும், நிறுத்தும் பாகம்தான் வேலை செய்யவில்லை.

நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. முதலாமவருக்கு நினைவூட்டல் வேண்டும், இரண்டாமவருக்குச் சட்டைப்பையில் ஒரு கணக்குச் சீட்டு, மூன்றாமவருக்குப் பாடம். நான்காமவரிடம் அறிவுரை சொல்லிப் பயனே இல்லை. அவர் போகும் வழியை மாற்றலாம், கடைக்காரரிடம் சொல்லி வைத்து அவர் கேட்கும்போது தே ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ) கொடுக்கச் செய்யலாம். நான்கு பேரையும் உட்கார வைத்து ‘மனச உறுதியா வச்சுக்கங்க’ என்று சொல்லும் வழக்கம்தான் நம்மிடம் இருக்கிறது. அளவிடுவதற்கான அவசியமே இங்கிருந்துதான் வருகிறது.

மனவலிமை தீர்ந்துபோகுமா?

இன்னொரு நினைப்பையும் இங்கேயே தள்ளிவைத்துவிடலாம். மனவலிமை என்பது ஒரு சரக்கு, பயன்படுத்தினால் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். ராய் பாமைஸ்டர் குழு 1998-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பெரிய ஆதாரமாக இருந்தது. சுடச்சுட சாக்லேட் பிஸ்கட்டை எதிரே வைத்து, அதைத் தொடாமல் முள்ளங்கி மட்டும் சாப்பிடச் சொன்னவர்கள், பிறகு தீர்க்கவே முடியாத புதிரில் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். பிஸ்கட் சாப்பிட்டவர்கள் சுமார் 19 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். கேட்க அழகாக இருக்கும் கதை. ஆனால் 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதே கருத்தை வேறொரு சோதனையால் பரிசோதித்தபோது, அந்த விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யமாக வந்தது. விவாதம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் ‘அப்பாவுக்கு மனவலிமை தீர்ந்துபோச்சு’ என்று சொல்லி மூட்டை கட்டும் அளவுக்கு அது உறுதியான அறிவியல் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தன்னொழுங்கு ஒரு சுற்று. அதில் நான்கு பாகம். எது உடைந்தாலும் வெளியே தெரியும் நடத்தை ஒரே மாதிரி இருக்கலாம்.

கேட்டு அளப்பது

மிகப் பழைய, மிக மலிவான வழி கேள்வித்தாள். பிரீஃப்-ஏ என்ற தாளில் 75 வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் உள்ள சிரமம் கடந்த ஒரு மாதத்தில் இருந்ததே இல்லையா, சில நேரமா, அடிக்கடியா என்று குறிக்க வேண்டும். டெக்ஸ் என்ற இன்னொன்றில் 20 கேள்விகள். அவசரப்பட்டுப் பேசுவது, திட்டமிடாமல் இறங்குவது, ஒன்றைத் தொடங்கிவிட்டு நிறுத்த முடியாமல் போவது போன்றவற்றைக் கேட்பார்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல். கண்காணிக்கும் பாகமே கெட்டுப்போனவரிடம் ‘உங்களை நீங்கள் எப்படிக் கண்காணிக்கிறீர்கள்’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் வரும். தன் குறை தனக்கே தெரியாமல் போகும் இந்த நிலைக்குக் குறையறியாமை என்று சொல்லலாம். பிரெஞ்சு மருத்துவர் பாபின்ஸ்கி 1914-இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். வலது மூளையில் பக்கவாதம் வந்தவர்களிடம் இது கூடுதலாகத் தெரியும். இது பிடிவாதமோ நடிப்போ கிடையாது.

அதனால்தான் நல்ல கேள்வித்தாள்கள் ஜோடியாக வருகின்றன. ஒன்று நோயாளிக்கு, அதே கேள்விகளோடு இன்னொன்று கூட இருப்பவருக்கு. நோயாளி திறன் மதிப்பீடு என்று ஒன்று உண்டு, 30 கேள்விகள். சமைப்பது, பணத்தைக் கையாள்வது, கோபத்தை அடக்குவது என ஒவ்வொன்றும் எவ்வளவு சுலபம் என்று 1 முதல் 5 வரை போட வேண்டும்; 5 என்றால் மிகச் சுலபம். சிகிச்சை அறையில் இது எப்படிப் போகும் என்று சொல்கிறேன். “உங்க சாப்பாட்டை நீங்களே செஞ்சுக்க முடியுமா, ஐயா?” “தாராளமா, அதுல என்ன இருக்கு?” என்று 5 போடச் சொல்வார். அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் மகள் சத்தமில்லாமல் தலையை ஆட்டுவாள். அவள் தாளில் அதே கேள்விக்கு 2 இருக்கும். அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோன கதை அவளிடம் இருக்கும். சிகிச்சையாளருக்கு 5-ம் முக்கியமில்லை, 2-ம் முக்கியமில்லை. நடுவில் இருக்கும் 3-தான் வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குத் தன்னைப் பார்க்கும் கண் மங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

மகள் போடும் எண் மட்டும் சத்திய வாக்கா? அதுவும் இல்லை. வேலைக்கும் போய்க்கொண்டு, இரவில் அப்பாவையும் தூக்கி உட்கார வைக்கும் ஒருத்தி களைப்பில் எல்லாவற்றையும் மோசமாகவே பார்க்கக்கூடும். மாறாக, ‘எங்கப்பாவைக் குறை சொல்ற மாதிரி ஆயிடுமே’ என்று கூட்டிப் போடும் பிள்ளைகளும் உண்டு. நம் வீடுகளில் இந்த இரண்டாவது வகை கொஞ்சம் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் எழுத்து வேலை முடிந்ததும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவது நல்லது.

கேள்வித்தாளைவிட ஆழமாகப் போவது ஒரு நேர்காணல் முறை. டமாரா ஓன்ஸ்வர்த்தும் கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்டது, மொத்தமே 6 கேள்விகள். நோயாளி தன் வாயாலேயே ஒரு சிரமத்தைச் சொல்ல வேண்டும். அது எப்போது வருகிறது, வருவது எப்படித் தெரிகிறது, அதற்கு என்ன செய்து பார்த்தீர்கள், பலித்ததா என்று கேள்விகள் போகும். இதன் பின்னால் 1989-இல் புரூஸ் கிராஸன் குழு சொன்ன ஒரு பாகுபாடு பயன்படும்: குறை இருப்பது தெரிவது ஒரு படி, அது நடக்கும்போதே உணர்வது அடுத்த படி, நடப்பதற்கு முன்பே ஊகித்து ஏற்பாடு செய்வது மூன்றாம் படி. ‘எனக்கு மறதி இருக்கு’ என்று சொல்பவர் முதல் படியில் இருக்கிறார். மருந்துப் பெட்டியை டீத்தூள் டப்பா பக்கத்திலேயே வைத்திருப்பவர் மூன்றாம் படிக்கு வந்துவிட்டார்.

மேசையில் அளப்பது

பேச்சை நம்பாமல் செய்துகாட்டச் சொல்வது இரண்டாவது வழி. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று ஸ்ட்ரூப் தேர்வு, 1935-இல் வந்தது. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்திருப்பார்கள். சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கண் தானாக வாசித்துவிடும், வாயை அடக்க வேண்டும். அந்த அடக்கலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அளவு.

இந்தத் தேர்வில் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேடிக்கை நடக்கும். பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியிடம் கொடுத்தால், அவருக்குச் சொல் வெறும் கோடுதான். அடக்க எதுவும் இல்லை, நிறத்தைக் கடகடவென்று சொல்லிவிடுவார். தாளில் அடக்கும் திறன் பிரமாதம் என்று வரும்! தமிழ்ப்பள்ளியில் சில வருடம் படித்து, மலாய் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பவரிடம் மலாய்த் தாளை நீட்டினாலும் இதே கதை, கொஞ்சம் மிதமாக. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கும் தேர்வுக்கும் எழுத்து வரிசை தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மாற்றாகத்தான் எழுத்தை எடுத்துவிட்டு இளஞ்சிவப்பு, மஞ்சள் வட்டங்களில் எண்ணை மட்டும் வைத்து ஒரு தேர்வை 1996-இல் வெளியிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரைச் சோதிக்கும்போது அவர் எந்த மொழியில், எவ்வளவு படித்தவர் என்பதை, சிகிச்சையாளர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சந்தையில் அளப்பது

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. 1991-இல் டிம் ஷாலிஸும் பால் பர்ஜஸும் முன்மூளையில் காயம் பட்ட மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். அறிவுத்திறன் தேர்வுகளில் மூவரும் நல்ல மதிப்பெண். ஆனால் கடைத்தெருவுக்கு அனுப்பிச் சில சாமான் வாங்கி, சில தகவல் கேட்டு, சொன்ன நேரத்தில் சொன்ன இடத்துக்கு வரச் சொன்னால் தடுமாறினார்கள். இந்த ‘பல வேலைத் தேர்வில்’ விதிகளும் உண்டு, உதாரணமாக எதையும் வாங்காமல் கடைக்குள் நுழையக் கூடாது. கூடவே ஒருவர் போய் விதி மீறல், வீண் நடை, முடியாமல் விட்ட வேலை எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்.

நம் ஊர்ப் பாணியில் நினைத்துப் பாருங்கள். பத்து ரிங்கிட் கொடுத்து, பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை, மளிகைக் கடையில் நூறு கிராம் கடுகு, தபால் நிலையம் எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள் என்ற தகவல், பதினொரு மணிக்குக் கோயில் வாசல். பாதி வழியில் பழைய தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஒருவர் எதிர்ப்பட்டு ‘வாங்க, டீ குடிப்போம்’ என்பார். தன்னொழுங்குக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை எந்த மேசையிலும் கிடையாது.

வார்டில் நன்றாக இருந்தவர் வீட்டில் குலைந்துபோவதும் இங்கேதான் புரியும். வார்டில் மருந்து கைக்கு வரும், சாப்பாடு மணிக்கு வரும், எழுப்புவதற்கு ஆள் உண்டு. தோட்ட வாழ்க்கையும் பெரும்பகுதி அப்படித்தான்: விடிவதற்கு முன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தண்டல் பெயர் கூப்பிடுவார், எந்த நிரை (மர வரிசை) என்று சொல்லிவிடுவார்கள். நாளை ஒழுங்குபடுத்தும் வேலையில் பாதியை வெளியே இருந்த ஏற்பாடே செய்துவந்தது. ஓய்வுபெற்று, பக்கவாதமும் வந்து, காலை எட்டு மணிக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம்தான் சுற்றின் நான்கு பாகமும் தானாகச் சுழல வேண்டியிருக்கிறது. அவரை ஏற்பாடு நிறைந்த இடத்தில் மட்டும் அளந்தால் எண் அழகாகத்தான் வரும்.

இதயத் துடிப்பைப் பார்க்கும் கைக்கடிகாரம் காட்டும் எண்ணையும் சிலர் ஓர் அளவாக எடுத்துக்கொள்வதால், அதைப் பற்றியும் கொஞ்சம். இதயத் துடிப்புகளுக்கு இடையேயான நேரம் கூடிக் குறைவதைத் துடிப்பு மாறுபாடு என்பார்கள். அது தன்னொழுங்கோடு ஓரளவு தொடர்புள்ளது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் தூக்கம், வயது, ரத்தக் கொதிப்பு மாத்திரை எல்லாமே அதை அசைக்கும். தனி ஒருவரின் கட்டுப்பாட்டை அதை வைத்து எடைபோட முடியாது.

எண்ணை நம்புவதற்கு முன்

கேட்டு அளப்பது, மேசையில் அளப்பது, நிஜ வேலையில் அளப்பது என மூன்று வழி பார்த்தோம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம், ஏனென்றால் ஒவ்வொன்றும் சுற்றின் வேறு வேறு பாகத்தைத் தொடுகிறது.

அதோடு, குறைந்த எண்ணுக்குத் தன்னொழுங்கே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது; எதிலும் இறங்காமல் படுத்திருப்பவருக்கு அதுவாக இருக்கலாம். பேச்சு புரியாமல் போயிருக்கலாம், காது கேட்காமல் இருக்கலாம், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். இனிப்புநீர்க்காரருக்குக் காலையில் சாப்பிடாமல் வந்ததால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உயர்ந்த எண்ணிலும் ஒரு சூது உண்டு: அதே தேர்வை இரண்டாம் முறை எழுதினால், மூளை தேறாவிட்டாலும் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும்.

அவரவர் இலக்கு, அவரவர் அளவு

கடைசியாக ஒரு முறை. தாமஸ் கிரெசுக்கும் ராபர்ட் ஷெர்மனும் 1968-இல் மனநலச் சேவைகளுக்காக உருவாக்கியது, இப்போது உடல் தேறும் சிகிச்சையிலும் பரவலாகப் பயன்படுகிறது. இலக்கு அடைவு அளவு என்று சொல்லலாம். பொதுத் தேர்வு எதுவும் இல்லை. நோயாளியும் சிகிச்சையாளரும் உட்கார்ந்து ஒரு இலக்கை எழுதி, ஐந்து படி போடுவார்கள்.

‘காலைப் பசியாறலுக்கு முன் யாரும் ஞாபகப்படுத்தாமல் சர்க்கரை பார்த்துக் குறித்து வைப்பது’ என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் 4 நாள் செய்தால் எதிர்பார்த்தபடி, அது 0. 5 அல்லது 6 நாள் என்றால் +1, ஏழு நாளும் என்றால் +2. 2 அல்லது 3 நாள்தான் என்றால் −1, ஒரு நாளோ அதுவும் இல்லையோ என்றால் −2. சர்க்கரை பார்க்கும் கருவியின் நினைவகத்தில் தேதி இருக்கும், அதனால் அப்பா சொல்வதா மகள் சொல்வதா என்ற சண்டைக்கும் இடமில்லை.

இதன் பலவீனம் வெளிப்படை. சுலபமான இலக்கு வைத்தால் எல்லாரும் +2 வாங்கலாம். ஆகவே இலக்கு வைக்கும்போது கூட இருந்தவரே பிறகு மதிப்பெண் போடாமல், வேறொருவர் போடுவது நல்லது. இலக்கை மகனோ மகளோ எழுதிக்கொடுத்து அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னால் முதல் பாகமே அவருடையதாக இல்லை, பிறகு எதை அளக்கிறோம்? இன்னொன்று: சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் அப்பா −1-இலிருந்து 0-க்கு வந்திருந்தால், கோலகங்சாரில் +2 வாங்கிய பெரியப்பாவோடு அதை ஒப்பிட வேண்டாம். அவர் படி வேறு, இவர் படி வேறு.